மலேசியாவுக்காகச் சொன்ன பெயின்ட் வேலை

பெரியவளே, சின்னவனே, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது நீங்கள் இரண்டு பேரும் மறுபடியும் மலேசியா பேச்சை எடுத்தீர்கள். டிவியில் அந்த இரட்டைக் கோபுரத்தைக் காட்டினார்கள், அதில் ஆரம்பித்தது.

"இந்தத் தடவையாவது போயிடணும்பா. போன தடவை தாத்தா கேன்சல் பண்ணிட்டாரு" என்றான் சின்னவன்.

"தாத்தா டைமிங் அப்படிடா. கரெக்டா ஃப்ளைட் அன்னிக்குக் காலைல" என்றாய் நீ, பெரியவளே.

"ஏய், வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றாள் உங்கள் அம்மா. அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு கை கழுவ எழுந்து போனேன். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்ததை நீங்கள் கவனிக்கவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு வருடம் ஆகிவிட்டது. செத்தவரைப் பற்றி இப்படிக் கிண்டல் பேசுவதும் ஒரு பாசம்தான். ஆனால் தாத்தா கேன்சல் பண்ணவில்லை. நடந்தது உங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் முழுசாகத் தெரியாது. மறுபடியும் டிக்கெட் போடுவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. நான் பத்தாவதோடு நின்றவன். தப்பும் தவறுமாகத்தான் வரும். வாயால் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன்.

மலேசியா யோசனை எங்கள் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ஒருவரிடமிருந்து வந்தது. அவர் குடும்பத்தோடு போய்விட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசினார். "சார், இங்கிலீஷே வேணாம் சார். கடைல பாதிப் பேரு நம்ம ஆளுங்க. மலாய்க்காரர், சீனாக்காரர், நம்மாளு, எல்லாரும் ஒரே டேபிள்ல உக்காந்து ரொட்டிய பிச்சிப் போட்டுட்டு டீ குடிக்கிறாங்க. விசா கூட வேணாம்." எனக்கு இங்கிலீஷ் வாயில் வராது என்பது உங்களுக்குத் தெரியும். தமிழிலேயே சமாளிக்கக்கூடிய ஒரு வெளிநாடு இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பெரியவளுக்குப் பன்னிரண்டாவது பரீட்சை முடிகிற வருடம். மே மாதம் போகலாம் என்று முடிவு செய்தோம்.

நீங்கள் கோபுரம், கேபிள் கார் என்று பட்டியல் போட்டீர்கள். நான் முருகன் குகை என்றேன். அம்மாவிடம் உனக்கு என்ன பார்க்கணும் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் பாக்க வேணாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலைல எட்டு மணிக்கு எழுந்திரிக்கணும்" என்றாள்.

உங்களுக்கு அது அப்போது சிரிப்பாக இருந்தது. தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து நாலு வருடம் ஆகியிருந்தது. நாலு வருடமும் விடிகாலை ஐந்து மணிக்கு அவரைத் திருப்பிப் போட்டு, துடைத்து, துணி மாற்றியது அவள்தான். நான் ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவேன். ஒரு தடவை திருவண்ணாமலையில் ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் போனோம். ஆள் வைத்துவிட்டுத்தான் போனோம். "எல்லாரும் போறீங்களா?" என்று கேட்டவர் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. சாயந்திரம் கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தார். அதற்குப் பிறகு உங்கள் அம்மா ஒரு ராத்திரிகூட அவள் அம்மா வீட்டில் தங்கியதில்லை.

அதனால் மலேசியாவைத் தாத்தாவிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் சொன்னேன். முன் அறையில் அவர் கட்டில். வீட்டில் எங்கே பேசினாலும் அவர் காதுக்குப் போகும். ஆகவே சாயந்திரமானால் நாலு பேரும் மொட்டை மாடிக்குப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து போனில் ஹோட்டல் பார்த்தோம். பெரிய வெள்ளம் வந்தபோது சின்னவனைத் தோளிலும் பெரியவளை இடுப்பிலும் தூக்கிக்கொண்டு தாத்தா ஏறியது அதே படிக்கட்டுதான். அப்போது அது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

ஒரு நாள் அவர் கேட்டார். "மொட்ட மாடில அப்புடி இன்னாடா பேசுறீங்க? தெனம் தலைக்கு மேல திடுதிடுன்னு நடக்குறீங்க."

"காத்து வாங்கினு இருக்கோம் நைனா" என்றேன்.

பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணைக்கு வந்தார்களே, அன்றைக்கு நீங்கள் இல்லை. ஏட்டு வாசலில் நின்று சத்தமாக, "யாருங்க இங்க ஃபாரின் போறது?" என்றார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போகாத குறை. திரும்பி வந்ததும் நைனா, "யாருடா அது?" என்றார்.

"வோட்டர் லிஸ்ட் சரி பாக்க வந்தாங்க."

"போலீஸ்காரன் எதுக்குடா வோட்டர் லிஸ்ட் பாக்குறான்?"

"இப்ப அவங்கதான் பாக்குறாங்க நைனா."

"ஓ" என்றார். அவ்வளவுதான்.

ஆறு நாள் அவரை எங்கே விடுவது? படப்பையில் ஒரு முதியோர் இல்லம் விசாரித்து வைத்திருந்தேன். மெயின் ரோட்டிலிருந்து ஒரு சந்தில் உள்ளே போனால் வேப்பமரம் வைத்த வீடு, எட்டுக் கட்டில். இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா நல்ல மாதிரி. "திடீர்னு ஆறு நாள் விட்டா தாங்க மாட்டாரு சார். மொதல்ல மூணு நாள் விட்டுப் பாருங்க. பழகிட்டாருன்னா அப்புறம் கவலை இல்ல" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் அந்த மூன்று நாளுக்கு அவரிடம் என்ன சொல்வது?

அம்மா, "உண்மையைச் சொல்லிடலாங்க. புரிஞ்சிப்பாரு" என்றாள்.

"சொன்னா சாப்பாட்ட நிறுத்திடுவாரு. உனக்குத் தெரியாதா?" என்று நான் அவள் வாயை அடைத்தேன்.

முன் அறைச் சுவரில் வெள்ளத்து வண்டல் கோடு இருந்தது உங்களுக்குத் தெரியும். கட்டிலில் படுத்தால் கண்ணுக்கு நேராக, சேறு நிறத்தில், அறையைச் சுற்றிப் போகும். இரண்டு தடவை மேலே பெயின்ட் அடித்தோம். இரண்டு தடவையும் அடுத்த மழைக்குத் திரும்ப வந்துவிட்டது. அதன்பிறகு நான் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. "டேய், இந்தக் கோட்ட பாத்துக்கினே படுத்துக் கெடக்க முடியலடா. இன்னும் தண்ணிக்குள்ள கெடக்குற மாரி கீது" என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். நானும் அடிச்சிடலாம் நைனா, அடிச்சிடலாம் நைனா என்பேன்.

அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். "நைனா, முன் ரூமுக்கு பெயின்ட் அடிக்கப் போறோம். தூசி, வாடை உனக்கு ஆவாது. மூணு நாள் படப்பைல ஒரு எடத்துல இரு. முடிஞ்சதும் கூட்டியாந்துடுறேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை. "நெசமாவா?" என்றார். "அப்ப சரி. போலாம்." துணியை அவரே எடுத்து வைக்கச் சொன்னார்.

மூன்று நாள் கழித்துத் திரும்பியதும் என்ன சொல்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தேன். பெயின்ட்காரன் ஏமாற்றிவிட்டான், வரவே இல்லை என்று சொல்லலாம். மே மாதம் மறுபடியும் அதே பெயின்ட்காரன் வருகிறான் என்று ஆறு நாள் விடலாம். ஒரே பொய்யில் இரண்டு வேலை. எனக்கு என் மேலேயே கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வாடகை வண்டியில் பின் சீட்டில் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவர் முப்பது வருடம் கல்குவாரி லாரி ஓட்டியவர். மேலே கூரையைப் பார்த்தபடியே வழியைச் சொல்லிக்கொண்டு வந்தார். "இப்ப முடிச்சூர் ரோடு தாண்டிட்டோம். இது மண்ணிவாக்கம் திருப்பம். இங்க ஒரு பள்ளம் வரும் பாரு, மெதுவா போவச் சொல்லு. ஆங், வந்துச்சா?" டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பெருசு, நீங்க முன்னாடி வந்து உக்காருங்க. எனக்கு மேப்பே வேணாம்."

அன்று சாயந்திரமே இல்லத்து ஆயா போனைப் போட்டு அவரிடம் கொடுத்தார்.

"இன்னாடா, பெயின்ட்காரன் வந்தானா?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வரவில்லை என்று அன்றைக்கே ஆரம்பித்திருந்தால் என் கணக்கும் சரியாக வந்திருக்கும். ஆனால் அந்தக் குரலில் இருந்த ஆவலுக்கு முன்னால் என் வாய் அதுபாட்டுக்கு, "வந்துட்டான் நைனா. சொவத்த சுரண்டினு கீறான்" என்றது.

"கோட்டாண்ட நல்லா ஆழமா சுரண்டச் சொல்லு. மேலோட்டமா சுரண்டுனா மழைக்கு மறுபடியும் எட்டிப் பாக்கும்."

"சொல்றேன்."

"ப்ரைமர் அடிக்கச் சொல்லு. அடிக்காம அடிச்சேன்னுவானுங்க. கிட்ட நின்னு பாரு."

"பாக்குறேன் நைனா."

மறுநாள், "காஞ்சிடுச்சா?" என்றார். காய்ந்துகொண்டிருக்கிறது என்றேன். "இன்னா கலரு?" என்றார். நான் முன் அறையில்தான் நின்றிருந்தேன். கண் எதிரிலேயே கோடு இருந்தது. "லைட் மஞ்ச" என்றேன்.

"நல்லா இருக்குமே. ரூமு வெளிச்சமா இருக்கும்" என்றார்.

அந்த மூன்று நாள் நம் வீடு எப்படி இருந்தது என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும். நாம் மொட்டை மாடிக்குப் போகவில்லை. முன் அறையிலேயே, அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து, உரக்கப் பேசி, மலேசியா படத்தை விரித்துப் போட்டு, எந்த நாள் எங்கே என்று குறித்தோம். கடையில் வாங்கி வந்து சாப்பிட்டோம். இரண்டாம் நாள் உங்கள் அம்மா காலை எட்டேகாலுக்கு எழுந்தாள். எழுந்து வந்து பயந்துபோய்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். அதில் தப்பு இல்லை. அவளுக்கு அது சேர வேண்டியதுதான். அதற்கு நான் பிடித்த வழிதான் தப்பு.

அவரைத் திரும்பக் கூட்டி வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். கட்டிலில் படுக்க வைத்தோம். அவர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். கோடு அப்படியே இருந்தது. வலது கையை நீட்டித் தடவினார். பிறகு விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். நான் யோசித்து வைத்திருந்த எதுவும் பொருந்தவில்லை. வரவே வராத பெயின்ட்காரன்தான் சுரண்டி, ப்ரைமர் அடித்து, மஞ்சள் பூசியிருந்தானே. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "தண்ணி குடும்மா" என்று உங்கள் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா டம்ளரைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கவைத்தாள். குடித்துவிட்டு, "மூணு நாளு நல்லா தூங்குனியாம்மா?" என்றார்.

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவளால் தாங்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க மாமா" என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மலேசியா, ஆறு நாள், இல்லம், எல்லாம்.

அவர் மறுபடியும் சுவரைப் பார்த்தார். பிறகு, "மலேசியாவா? அதுக்கு இன்னாத்துக்குடா சொவத்துக்கு பெயின்ட் அடிக்கணும்?" என்று கேட்டு, ஒரு பக்க வாயால் சிரித்தார். "போலீஸ்காரன் வந்தப்பவே எனக்குத் தெரியும்டா. எங்கியோ கெளம்பப் போறீங்கன்னு. லாரி ஓட்னவன் நானு, போலீஸ்காரன் இன்னாத்துக்கு வருவான்னு தெரியாதா? போய்ட்டு வாங்க. பசங்க நாலு எடம் பாக்கட்டும். நான் அங்க கீறேன், எனக்கு இன்னா?"

நான், "நைனா..." என்றேன்.

"பெயின்ட் வேலை மட்டும் நெசம்னு நெனச்சிக்கினேன்" என்றார்.

அதற்குப் பிறகு மலேசியா போக ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. இதை நன்றாகப் படியுங்கள். ஒரு மாதம். நாலு ஞாயிற்றுக்கிழமை. சுவரை அடிக்க இரண்டு நாள் போதும். ஒரு ஞாயிறு தாம்பரத்துக்குப் பெட்டி வாங்கப் போனோம். ஒரு ஞாயிறு உங்களுக்குச் செருப்பு. மற்ற இரண்டு என்ன ஆயிற்று என்று எனக்கே ஞாபகம் இல்லை. "வந்ததும் மொத வேலையா அடிச்சிடலாம் நைனா" என்றேன். "ம்" என்றார். உங்களிடம் அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "மலேசியால மழ எப்ப வேணாலும் வருமாம், கொடை எடுத்துக்கினு போங்க" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பார்த்தாயா, தாத்தாவே சம்மதித்துவிட்டார், நாம்தான் அனாவசியமாகப் பயந்தோம் என்று நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள்.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் மறுபடியும் கொண்டுபோய் விட்டேன். கடைசி நேர அலைச்சலில் அவரையும் பார்த்துக்கொள்ள முடியாது, முன்கூட்டியே விட்டுவிடலாம் என்பதும் என் ஏற்பாடுதான். அதே மாதிரி தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மண்ணிவாக்கம் திருப்பம் வந்தது, பள்ளம் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தூங்குகிறாரோ என்று குனிந்து பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

நான் வேலை செய்யும் கம்பெனி ஒரகடத்தில். கம்பெனி பஸ் காலையும் மாலையும் படப்பை வழியாகத்தான் போகும். அந்தச் சந்து முனையை நான் தினம் இரண்டு தடவை தாண்டினேன். முதல் நாள் மாலை இறங்கிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பார்த்தால் அவருக்கு ஏக்கம் அதிகமாகும், பழகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அதேதான்.

மூன்றாம் நாள், அதாவது நாம் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, பஸ் படப்பை மார்க்கெட்டில் நெரிசலில் நின்றுவிட்டது. ஏதோ முகூர்த்த நாள், ரோட்டின் பாதியில் பூக்கடை. அப்போது போன் வந்தது. இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா.

"சார், அப்பா நேத்திலருந்து சரியா சாப்பிட மாட்டேங்குறாரு. இப்ப கொஞ்சம் காய்ச்சல் வேற இருக்கு. டாக்டர் வந்து பாத்து மாத்திரை குடுத்துட்டுப் போயிருக்காரு. உங்களக் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்."

நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். சந்து முனை கண்ணுக்குத் தெரிந்தது. பஸ் நின்றுகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. இறங்கினால் ஐந்து நிமிட நடை.

"நாளைக்குக் காலைல வந்துடுறேம்மா. ராத்திரிதான் ஃப்ளைட்டு. காலைல கண்டிப்பா வரேன்" என்றேன்.

"இன்னிக்கு முடியாதா சார்?"

"இன்னிக்குக் கம்பெனில வேலை இருக்கும்மா" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஏன் இறங்கவில்லை? இரண்டு வருடமாக வேறு வேறு பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். களைப்பு, நேரமாகிவிட்டது, டாக்டர்தான் பார்த்துவிட்டாரே. எதுவும் இல்லை. இறங்கி அவர் முகத்தைப் பார்த்தால் மலேசியா போக முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் இறங்கவில்லை. நெரிசல் விலகியது. பஸ் நகர்ந்தது.

வீட்டுக்கு வந்தால் நீங்கள் இரண்டு பேரும், நம் நாலு பேருக்கும் ஒரே நிறத்தில் வாங்கிய டிஷர்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறீர்கள். "அப்பா, நீங்களும் போடுங்கப்பா, ட்ரையல்" என்று இழுத்தீர்கள். போட்டேன். தொப்பை தெரியுது என்று சின்னவன் சிரித்தான். போட்டோ எடுத்தோம். அந்தப் போட்டோவை இப்போதும் நீ போனில் வைத்திருக்கிறாய், பெரியவளே. அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா சமையலறையிலிருந்து, "மாமாவுக்குப் போன் பண்ணீங்களா?" என்று கேட்டாள்.

"பண்ணேன். நல்லா இருக்காராம்" என்றேன்.

இதுதான் அவளுக்கு இதுவரை தெரியாதது. இந்தக் காகிதத்தை அவள் படித்த பிறகுதான் உங்களிடம் தருவேன்.

காலை ஐந்தே முக்காலுக்குப் போன் வந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். தாத்தா தூக்கத்திலேயே திடீரென்று போய்விட்டார் என்று உங்களிடம் சொன்னது நான்தான். அதில் பாதிதான் உண்மை. ராத்திரி காய்ச்சல் ஏறி, மூச்சு இரைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டிக்குச் சொல்லி அது வந்து சேருவதற்குள் போய்விட்டார். இல்லத்துக்காரர்கள் பார்க்காமல் விடவில்லை. அந்த ஆயா ராத்திரி முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் போனபோது ஆயாவின் கண் சிவந்து கிடந்தது.

"ராவெல்லாம் ஒண்ணே கேட்டுக்கினு இருந்தாரு சார்" என்றார். "பெயின்ட் காஞ்சிடுச்சா, பெயின்ட் காஞ்சிடுச்சான்னு. காஞ்சிடுச்சின்னா வூட்டுக்குப் போலாம்னு என் மவன் சொல்லிக்கிறான்னாரு. நானும் காஞ்சிடும் பெருசு, காலைல காஞ்சிடும்னு சொல்லினு இருந்தேன். வூட்ல பெயின்ட் வேலையா சார்?"

"ஆமாம்மா" என்றேன்.

காய்ச்சலில் மாதம் எல்லாம் அவருக்குக் குழம்பிப் போயிருக்க வேண்டும். அம்மா சொன்ன உண்மை போய்விட்டது, என் பொய் மட்டும் நின்றுவிட்டது.

அவரை வீட்டுக்குக் கொண்டு வந்து முன் அறையில், அந்தச் சுவர் ஓரமாகவே ஐஸ் பெட்டியில் வைத்தோம். மூலையில் பெயர்ச்சீட்டு கட்டிய நாலு பயணப் பெட்டிகள் வரிசையாக நின்றன. யாரோ ஒரு உறவுக்காரப் பெண், "எங்கனா ஊருக்குக் கெளம்பினு இருந்தீங்களா?" என்றார். பதில் சொல்வதற்குள் யாரோ அவற்றைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் என் தோளைத் தட்டி, நாலு வருஷம் கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டே, கொடுத்து வச்சவரு உங்கப்பா என்றார்கள். நான் தலையாட்டினேன். மாலை மாற்றும்போதெல்லாம் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் அந்தச் சேற்றுக் கோடு தெரிந்தது. வேறு யாரும் அதைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

நீங்கள் மலேசியா போக ஆசைப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. இந்தத் தடவையும் போகலாம், நான் தடுக்கவில்லை. தாத்தாவும் போய்ட்டு வாங்க என்றுதான் சொன்னார். கிண்டல் பண்ணும்போது மட்டும் யாரைக் கிண்டல் பண்ணுகிறோம் என்று தெரிந்து பண்ணுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம் நீங்கள் அம்மாவோடு பாட்டி வீட்டுக்குப் போனீர்கள். எனக்கு வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது முன் அறையில் ஒரு பக்கத்துச் சுவரில் மட்டும் ஒரு பட்டை வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்து, "என்னப்பா இது, அரைகுறையா?" என்று கேட்டீர்கள். ஓதம், ஆள் வந்து சரி பண்ணிவிட்டுப் போனான் என்றேன். ஆள் யாரும் வரவில்லை. மெயின் ரோட்டுக் கடையில் ஒரு தகரத் தகடும், உப்புத்தாளும், கொஞ்சம் சிமென்ட்டும், சுவரை நிரவும் பட்டியும், சின்ன டப்பா ப்ரைமரும், லைட் மஞ்சளும் வாங்கி வந்தேன். கட்டில் இருந்த நீளத்துக்கு மட்டும், கோட்டை ஆழமாகச் சுரண்டினேன். செங்கல் தெரிகிற வரைக்கும் சுரண்டினேன். சிமென்ட்டும் பட்டியும் பூசி ஒரு நாள் விட்டேன். ப்ரைமர் அடித்து இன்னொரு நாள் விட்டேன். மூன்றாம் நாள் காலை மஞ்சள் அடித்துவிட்டு, அவர் கட்டில் இருந்த இடத்தில் தரையில் படுத்துக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் வலது கையை நீட்டி, காய்ந்துவிட்டதா என்று சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.